பனிக்குச் சாகாத மரம்

ஒரு மலையில ஒரு ஊரு. அந்த ஊர்ல மார்கழி வந்தா, புல்லு மேல உப்பைக் கொட்டின மாதிரி பனி உறைஞ்சு கிடக்கும். காலை வச்சா நறுக் நறுக்னு ஒடையும். கேக்குறியா?

"ம்."

அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தா செண்பகவடிவு. கடலோரத்துப் பொண்ணு. அவ ஊர்ல மணல் சுடும், காத்து உப்புக் கரிக்கும். குளிர்னா என்னன்னே அவளுக்குத் தெரியாது. வர்றப்போ மடியில ஒரு தென்னங்கன்னு வச்சிருந்தா. ஏன்னா அவ புகுந்த வீட்டுக்காரங்க முன்ன ஒரு காலத்துல அடிவாரத்துல இருந்தவங்க. வர்ற மருமக ஒரு கன்னு கொண்டாந்து நடணும், அது தென்னை, பனை மாதிரி பாளை விடற சாதியா இருக்கணும், அது தழைச்சாத்தான் அவளும் தழைப்பா. பட்டுப்போச்சுன்னா அவளைப் பொறந்த வீட்டுக்கு வண்டி ஏத்திடுவாங்க. அது அவங்க வழக்கம். மலை ஏறினப்போ ஆடு மாட்டைக்கூட கீழயே வித்துட்டு வந்தவங்க, வழக்கத்தை மட்டும் விடாம தூக்கிட்டு வந்துட்டாங்க.

"மூணு பனி பாப்போம்"னா மாமியா பேச்சியாயி.

அப்புறம் மொதப் பனி வந்துது. தென்னங்கன்னு ஓலை அவிச்ச கீரை மாதிரி தொங்கிப் போச்சு. மாசி பொறந்ததும் பேச்சியாயி வந்தா. கன்னோட நடுக் குருத்தை ரெண்டு விரலால பிடிச்சு இழுத்தா. சொளக். கையோட வந்துடுச்சு. மோந்து பாத்தா, அழுகல் நாத்தம்.

"பொணத்தைக் கொண்டாந்து நட்டிருக்கா"ன்னா.

வடிவோட புருஷன் மாடசாமி பக்கத்துலதான் நின்னான். நல்லவன்தான். அம்மா பேசறப்போ கூரையைப் பாப்பான், பொண்டாட்டி பேசறப்போ தரையைப் பாப்பான்.

வடிவு பொறந்த வீட்டை நெனச்சா. அவளுக்குக் கீழ கோமதின்னு ஒரு தங்கச்சி. அக்கா வாழாவெட்டியா திரும்பி வந்தா, தங்கச்சியை எவன் வந்து கேப்பான்? அப்போ அவ அப்பாவுக்கு ஆள் விட்டா. அவர் ஒரு கமுகங்கன்னை, அதான் பாக்குமரக் கன்னை, தோள்ல சுமந்துட்டு மலை ஏறினார்.

"குளுந்த எடத்துல வளர்ற மரம்மா இது. தெம்பா நடு"ன்னார்.

குளுந்த எடம் வேற, பனி உறையற எடம் வேறன்னு அவருக்கும் தெரியல, அவளுக்கும் தெரியல. தென்னை நட்ட அதே வாசல் பள்ளத்துலயே நட்டா. சாக்கைப் போத்தினா, சுத்தி வைக்கோல் அடைச்சா, விடியுமுன்ன அடுப்புச் சாம்பலைச் சூட்டோட அள்ளிட்டு ஓடினா. மாசி பொறந்துது. பேச்சியாயி வந்தா. சொளக்.

"கன்னுக்குப் போத்தின சாக்கை எடுத்து வை. நீ ஊருக்குப் போறப்போ துணி கட்ட ஆகும்."

தூங்கிட்டியா?

"ம்ஹும்."

அப்புறம் ஒருநாள் விறகு பொறுக்க வடிவு மேட்டுக்குப் போனா. அங்க ஒரு பாழடைஞ்ச துரை பங்களா. உச்சி வெயில்லயும் சுவர் நிழல்ல பனி கரையாம கிடக்கு. அந்தப் பனி நடுவுல ஒரு மரம் நிக்குது. பனை மாதிரி விசிறி ஓலை, ஆனா சின்ன மரம். தண்டு பூரா நாரு, கம்பளி போத்தின கெழவன் மாதிரி. ஓலை மேல பனி. காத்து அடிச்சுது, பொலபொலன்னு பனி உதிந்துது. உள்ள பச்சை.

வடிவு அப்படியே உக்காந்துட்டா. இத்தனை நாளும் நம்ம ஊர்ல எது நல்லா வளருதுன்னே பாத்தோமே, இங்க எது சாகாம நிக்குதுன்னு பாக்கலையேன்னு நெனச்சா. மரத்தடியில விதை விழுந்து மொளைச்சிருந்துது. ஒண்ணைத் தோண்டி முந்தானையில கட்டிக்கிட்டா.

இந்தத் தடவை வாசல் பள்ளத்துல நடல. தண்ணி மாதிரி குளிரும் பள்ளத்துலதான் தேங்குதுன்னு ரெண்டு வருஷமா பாத்துட்டாளே. மேடான எடத்துல, சமையக்கட்டுச் சுவரை ஒட்டி நட்டா.

"இது என்னடி, தொடைப்பம் மாதிரி? தேங்கா உண்டா, நுங்கு உண்டா?"ன்னா மாமியா.

"பாளை விடும் அத்தை. மேட்டுல பாத்தேன்."

"எங்க வச்சாலும் சாகத்தான் போவுது. வை."

அந்த வருஷம் மாதிரி பனி அதுக்கு முன்ன வந்ததில்ல. கொடத்துத் தண்ணி கல்லாச்சு. வேலியில குருவி வெறச்சு விழுந்துது, பொத்து பொத்துன்னு. வடிவு தினம் காலையில போய்க் கன்னைத் தொட்டுப் பாப்பா. அதுக்கு ஒண்ணும் ஆகல.

மாசி பொறந்துது. ஊரே வந்து நின்னுது. பேச்சியாயி குனிஞ்சு குருத்தைப் பிடிச்சா.

அப்போதான் கண்ணு, வடிவுக்குத் தன் மனசு பேசறது கேட்டுது. மூணு வருஷமா கன்னு நட்டு, சாம்பல் சுமந்து, பேச்சு வாங்கி, சாகக் கூடாது சாகக் கூடாதுன்னு வேண்டினவ. அந்தக் கை குருத்தை இழுக்கறப்போ உள்ள இருந்து ஒரு குரல் வந்துது. வந்துடு. கழண்டு வந்துடு. என்னை எங்க ஊருக்கு அனுப்பிடு.

பேச்சியாயி இழுத்தா. வரல. ரெண்டு கையாலயும் பிடிச்சு, காலை ஊனி இழுத்தா. ம்ஹும். அவ கையிலதான் நாரு அறுத்து ரத்தம் வந்துது.

"எங்க மண்ணு பொன்னான மண்ணு. எதை வச்சாலும் பிடிக்கும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. மாடசாமி மொத தடவையா பொண்டாட்டி முகத்தைப் பாத்தான். "இனி ஒரு கவலையும் இல்ல வடிவு, காலம் பூரா இங்கதான்"னு சிரிச்சான்.

வடிவு மரத்தைப் பாத்தா. நல்ல மரம். அவளே தேடிக் கண்டுபிடிச்ச மரம். அதை எந்தப் பனியும் ஒண்ணும் பண்ணாது.

"அப்போ அவ அவங்கம்மா வீட்டுக்குப் போகவே இல்லியா?"

போனா. கோமதி கல்யாணத்துக்குப் போனா. பொறந்த வீட்டுலயே அவளைப் பாயை விரிச்சு உக்கார வச்சு, விருந்தாளிக்குக் குடுக்கற சொம்புல தண்ணி குடுத்தாங்க.

அவ்வளவுதான் கதை. போர்வையைக் காது வரைக்கும் இழுத்துக்கோ. தூங்கு.