செவலைக்குத் தைத்த மெத்தை

முன்னொரு காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகிழ்மாறன் என்று ஓர் அரசர் இருந்தார். நல்லவர்தான். ஆனால் ஒன்று அவர் மனதில் பட்டுவிட்டால், அது நடக்கிறவரை அரண்மனையில் யாருக்கும் நிம்மதி கிடையாது.

மலைநாட்டுத் தலைவன் ஒருவன் அவருக்கு வேட்டைநாய் ஒன்றைப் பரிசாக அனுப்பியிருந்தான். செம்பட்டை நிறம், ஒடுங்கிய முகம், பெட்டை. அரசர் அதற்குச் செவலை என்று பெயர் வைத்து, தன் கையாலேயே நெய்ச்சோறு வைத்தார். வந்து ஒரு மாதத்தில் அது நன்றாகச் சதை போட்டது. "நம் அரண்மனைச் சோறு அப்படி" என்று அரசருக்குப் பெருமை.

செவலைக்கு ஒரு மெத்தை வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மெத்தை தைக்கிற இருளப்பனை வரவழைத்தார். அவன் அளவெடுத்தபோது நாய் கால்களை நீட்டிப் படுத்திருந்தது. அந்த அளவுக்கே தைத்துக் கொண்டுவந்தான். செவலை அதில் ஏறி ஒரு மூலையில் சுருண்டுகொண்டது. பாதி மெத்தை காலி. அரசர் முகம் சுளித்தார். சுருண்ட அளவுக்கு இன்னொன்று தைத்தான். இந்தத் தடவை அது நீட்டிப் படுத்தது. தலை ஒரு பக்கம் தரையில், வால் மறுபக்கம் தரையில்.

"இவன் வேண்டுமென்றே தங்களை ஏய்க்கிறான், அரசே. ஊரைவிட்டு அனுப்பிவிடலாம்" என்றார் அமைச்சர் வீரபாகு.

இருளப்பனுக்காகப் பேசியவர் விகடகவி அம்பலவாணர் ஒருவர்தான். "நாய் ஒரு நேரம் நீளும், ஒரு நேரம் சுருங்கும். இதில் தைத்தவன் பிழை என்ன, அரசே?"

வீரபாகுவுக்கு அம்பலவாணர் மேல் நெடுநாள் பொறாமை. தான் மணிக்கணக்காகப் பேசினாலும் கொட்டாவி விடுகிற அரசர், அந்த மனிதர் வாயைத் திறந்ததும் சிரித்துவிடுகிறாரே என்ற புழுக்கம். "அப்படியானால் விகடரே சரியான அளவைச் சொல்லட்டும். தவறினால் அவரும் இருளப்பனோடு கிளம்பட்டும்" என்றார்.

அரசருக்கு அது நியாயமாகப் பட்டது. "ஏழு நாள் தருகிறேன், விகடரே. மெத்தையில் ஒரு கை அகலம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. நாயின் நகம்கூட வெளியே நீளக் கூடாது."

செவலை பழைய மெத்தையின் பஞ்சை வாயால் இழுத்து இழுத்து ஒரு மூலையில் குவித்துக்கொண்டிருந்தது. அம்பலவாணர் குனிந்து அதன் வயிற்றைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இன்று செவலையின் உடம்பில் இருப்பது முழுவதும் அந்த மெத்தைக்குள் அடங்க வேண்டும். அரசரின் கட்டளை அதுதானே?"

"அதேதான்."

வீரபாகு அந்த வார்த்தைகளை அப்படியே ஓலையில் எழுத வைத்தார்.

ஏழாம் நாள் காலையில் நான்கு பேர் ஒரு மெத்தையைச் சுமந்துவந்து சபை நடுவே இறக்கினார்கள். வீரபாகு அதைச் சுற்றி வந்து, "இரண்டு கன்றுக்குட்டியைக் கட்டலாம் போலிருக்கிறதே" என்றார். சபையே சிரித்தது. செவலை முகர்ந்து பார்த்தது, ஏறியது, நாலைந்து முறை சுற்றிவிட்டு ஓரமாகச் சாய்ந்தது. பாதிக்கு மேல் மெத்தை வெறுமையாகக் கிடந்தது.

"இது என்ன அளவு, விகடரே?" என்றார் அரசர். குரலில் சிரிப்பு இல்லை.

"அளவு சரிதான், அரசே. நாய்தான் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. விளக்கு வைக்கிறவரை என் தவணை இருக்கிறது."

சொல்லிவிட்டாரே தவிர, அவருக்கே அது நிச்சயமில்லை. அவர் வீட்டிலும் நாய் உண்டு. அது எப்போது மண்ணைத் தோண்டும், எப்போது துணியை இழுத்துக் குவிக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனால் நாள் ஒன்று முந்தலாம், பிந்தலாம். அதை யாரால் சொல்ல முடியும்?

உச்சிவேளைக்குச் செவலை மூச்சு வாங்கத் தொடங்கியது. அரசர் பதறி இறங்கிவந்து அதன் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் ஈரமாக, எலிக்குஞ்சு போல ஒன்று வந்து விழுந்தது.

"விகடரே, என்ன இது?"

"அன்று அதன் உடம்பில் இருந்ததுதான், அரசே. ஒவ்வொன்றாக வருகிறது."

மாலைக்குள் ஐந்து குட்டிகள். செவலை கால்களை நீட்டிப் படுத்து அவற்றை நக்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் கால்மாட்டில் கொஞ்சம் இடம் இருந்தது. வீரபாகு கையை விரித்து அங்கே வைத்துக் காட்டினார். "ஒரு கை அகலத்துக்கு மேலேயே இருக்கிறது." இருளப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவர் கையை எடுப்பதற்குள் ஆறாவது வந்தது. பணியாள் விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருக்கும்போது ஏழாவது. வயிற்றோரம் இடம் கிடைக்காத அந்த இரண்டையும் செவலை முகத்தால் தள்ளித் தள்ளிக் கால்மாட்டில் சேர்த்தது. இடம் அடைந்துவிட்டது.

அரசர் சிரிக்கத் தொடங்கினார். "நெய்ச்சோற்றில் வந்த சதை என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், ஒருவரும் என்னைத் திருத்தவில்லையே. வீரபாகு, உமக்குத்தான் அளவில் இவ்வளவு கவனம். இந்த ஏழும் வளர்கிறவரை மாதாமாதம் நீரே அளந்து இருளப்பனிடம் சொல்லும். அவன்தான் இனி அரண்மனை மெத்தைக்காரன்."

வீரபாகு தலைகுனிந்து, "உத்தரவு" என்றார்.

அரசர் தன் தோளில் இருந்த பட்டுச் சால்வையை எடுத்து அம்பலவாணருக்குப் போர்த்த நீட்டினார். அதன் நுனி மெத்தைமேல் புரண்டது. செவலை எட்டிக் கவ்வி, ஒரே இழுப்பில் உள்ளே இழுத்துக் குட்டிகளின்மேல் போட்டுக்கொண்டது. அரசர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு விரலிலிருந்த மாணிக்க மோதிரத்தைக் கழற்றினார்.

அம்பலவாணர் மெத்தையைவிட்டு நாலடி தள்ளி நின்று அதை வாங்கிக்கொண்டார்.