வாயில் வைக்காத விஷம்

நம் பேச்சில் ஒரு குறும்பு உண்டு. 'அவன் மருந்து குடித்துவிட்டான்' என்று யாராவது சொன்னால், பிழைக்கக் குடித்தானா, சாகக் குடித்தானா என்று இன்னொரு தரம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கதையின் முடிச்சும் அங்கேதான் விழுகிறது. அவசரக்காரர்கள் விடையை முதலில் எட்டிப் பார்க்க வேண்டாம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. நெல்லைச் சீமையில் ஆவுடையம்மாள் என்றொரு பெண். அவளுடைய அக்கா மனம் வெறுத்து விஷம் குடித்து இறந்தவள். அந்தத் துக்கத்தில் தகப்பனார், மிச்சமிருந்த மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன கஷ்டம் வந்தாலும் விஷத்தை வாயில வைக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றார். அவள் தன் குழந்தை கோமுவின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். சத்தியம் தவறினால் குழந்தைக்கு ஆகாது என்று முழுக்க நம்புகிறவள் அவள்.

பிறகு அவள் கழுத்தில் கட்டிகள் கிளம்பின. புற்றுநோய். மூச்சை நெரிக்கும் அளவுக்கு அவை வளர்ந்தபோது, கணவன் சிவசைலம் அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தான். டாக்டர் கிருபாவதியிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. முதல் உலகப்போரில் ஆட்களைப் பொசுக்கிய கடுகு வாயு என்ற விஷவாயுவுக்கு நெருங்கிய உறவான ஒரு ரசாயனம் அது. அந்த வாயு பட்டவர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் அழிந்திருப்பதைக் கண்டவர்கள், இது கட்டியையும் அழிக்குமோ என்று யோசித்ததில் பிறந்த மருந்து. சுத்தமான விஷம், அளவறிந்து ஊசியில் ஏற்ற வேண்டும்.

சிவசைலம் டாக்டரைத் தனியே பார்த்துச் சத்தியத்தைப் பற்றிச் சொன்னான். "மருந்துன்னே சொல்லுங்கம்மா. அது பொய்யும் இல்லையே." அதோடு நிற்காமல் மனைவியிடம் போய், "சத்து ஊசி போடப் போறாங்க" என்றும் சொல்லிவிட்டான். பயந்துபோனவன் வேறென்ன செய்வான், பாவம்.

நர்ஸ் பிலோமினா வேறு வழி சொன்னாள். "வாயில வைக்க மாட்டேன்னுதானே சத்தியம்? இது கையில ஏறுது. பேசாம போட்டுடலாம் டாக்டர், சத்தியமும் தப்பிச்சிடும்."

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டுக் கட்டிலின் ஓரமாக உட்கார்ந்தார். "ஆவுடையம்மா, இது விஷம். வாந்தி வரும், முடி கொட்டும். கட்டி கரையலாம். கரைஞ்சாலும் திரும்பி வரலாம். வேண்டாம்னா போட மாட்டேன்."

ஆவுடையம்மாள் அழுதாள். "போடலேன்னா?"

"மூச்சு அடைச்சிரும்."

வராந்தாவில் சிவசைலத்தின் மடியில் உட்கார்ந்திருந்த கோமுவை அவள் வெகுநேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

வாந்தியில் துவண்டாள், முடியெல்லாம் கொட்டியது. கட்டிகள் வெயிலில் வைத்த வெல்லம் போலக் கரைந்தன. சில மாதங்களில் மறுபடி தலைகாட்டின. மறுபடி ஊசி, மறுபடி கரைந்தன. இதைவிட நல்ல மருந்துகள் வந்துகொண்டிருப்பதாக டாக்டர் சொன்னார்.

பிழைத்துவிட்டாளே என்பதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், அது ஏமாற்று வேலை. கணவன் மறைத்தான். நர்ஸ் வார்த்தையில் சந்து கண்டுபிடித்தாள். டாக்டர் உடைத்துச் சொன்னார். ஆவுடையம்மாள் சத்தியத்தை மீறினாளா? மூவரில் யார் செய்தது சரி?

விடை: அவள் மீறவில்லை, டாக்டர் செய்ததே சரி. இன்னொரு மகளும் உயிரை வெறுத்துவிடுவாளோ என்று பயந்துதான் தகப்பனார் சத்தியம் வாங்கினார். அக்கா சாவதற்காக எடுத்தாள், தங்கை வாழ்வதற்காக எடுத்தாள். அந்த வித்தியாசத்தை ஊசி அறியாது, எடுப்பவள்தான் அறிவாள். தெரியாமல் போட்டிருந்தாலும் பிழைத்திருப்பாள்; ஆனால் சத்தியத்தைக் காப்பாற்றும் வாய்ப்பை அவளிடமிருந்து பிடுங்கியதாக ஆகியிருக்கும். பார்க்க வந்த தகப்பனாரிடம், "அப்பா, தெரிஞ்சேதான் விஷத்தை ஏத்திக்கிட்டேன்" என்று அவள் தலைகுனிந்தாள். அவர் அந்த மொட்டைத் தலையைத் தடவிக் கொடுத்து, "நீ உயிரோட இருக்கணும்னுதானம்மா சத்தியம் வாங்கினேன்" என்றார்.