அஞ்சுகம் அழித்த பெயர்கள்

மேலாளர் தணிகாசலத்தின் செருப்புச் சத்தம் கேட்டாலே அலுவலகம் வெலவெலத்துப்போகும். கிளைகளின் கணினிகளை இணைக்கும் ரூட்டரில் ஒவ்வொரு கிளையின் எண்முகவரிக்கும் கணினிப் பிரிவு அஞ்சுகம் ஊர்ப்பெயர் பதிந்து வைத்திருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

“ஏய், பேரு எதுக்கு? எனக்கு நூறு எண்ணும் மனப்பாடம்! எல்லாத்தையும் அழி, இல்லேன்னா வேலை போயிடும்!”

அஞ்சுகம் எண்களைத் தாளில் எழுதி மடித்துக்கொண்டு பெயர்களை அழித்தாள்.

மறுநாள் முதலாளி வந்து நின்றார். “திருச்செந்தூர் கிளையைக் காட்டுங்க.”

தணிகாசலம் வழக்கம்போல் கணினியில் ஊர்ப்பெயரை அடித்தார். அப்படியொரு பெயரே இல்லை என்றது திரை.

“ஏய், என்ன பண்ணித் தொலைச்சே?”

“நீங்க சொன்னபடி பேரை அழிச்சிட்டேன் சார்.” அவள் மடித்த தாளைக் கையில் எடுத்தாள். “எண்ணை அடிங்க. உங்களுக்குத்தான் மனப்பாடமாச்சே.”

முதலாளி காத்திருந்தார். தணிகாசலத்தின் விரல்கள் எண் விசைகளின் மேலேயே நின்றன. மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார்.

“அஞ்சுகம்மா... அந்த எண் என்னம்மா?”