பதினேழாம் குழாய்

காலை ஒன்பது ஐம்பது. நாற்பது குழாய்களில் முப்பத்தொன்பதை மட்டும் கணக்கில் சேர்த்தால் போதும் என்ற முடிவோடு தணிகாசலம் பேராசிரியை ஹசீனாவின் அறைக்குள் வந்தார்.

தணிகாசலத்துக்கு வயது ஐம்பத்தொன்று. அரசு மருத்துவமனையில் இருபத்திரண்டு ஆண்டு பல் பிடுங்கிவிட்டு மேற்படிப்புக்கு வந்தவர். ஈறு நோய்த் துறையின் தலைவரான ஹசீனா அவரைவிடப் பதினொரு வயது இளையவர். மாணவரான தணிகாசலத்தை அவர் சார் என்பார்.

ஆய்வு எளிமையானது. ஈறு அரிக்கப்படும்போது எச்சிலில் ஒரு நொதி கூடும். அதை அளந்து, வலி வருவதற்கு முன்பே நோயைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். சிவப்பு மூடிக் குழாய்களில் இருபது நோயாளிகளின் எச்சில். நீல மூடிக் குழாய்களில் ஆரோக்கியமான இருபது பேருடையது. குழாயின்மேல் எண் மட்டுமே இருக்கும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல், ஒட்டிய உறைக்குள் நர்ஸ் குளோரியின் அலமாரியில் இருந்தது.

“பதினேழை எடுத்துடலாம் மேடம். நீல மூடி. மத்த நீல மூடியெல்லாம் நூறுக்குள்ள. இது மட்டும் எழுநூத்தி நாற்பது.”

“திரும்பப் போட்டுப் பார்த்தீங்களா?”

“மூணு தடவை. அதேதான் வருது. அளக்கிற கிட்டுல ஏதோ கோளாறு.”

“மத்த முப்பத்தொன்பதுக்கும் அதே கிட்டுதானே சார்?”

தணிகாசலம் கையிலிருந்த தாளை மறுபடி புரட்டினார்.

“அந்த ஆளுக்கு நிஜமாவே ஈறு நோய் இருந்தா?”

“இருக்காது மேடம். இருபது பேரும் நம்ம துறை டாக்டருங்க.”

“யார் வாயைப் பார்த்தது?”

“நம்ம ஆளுங்கதானேன்னு...” அவர் நிறுத்தினார். “யாரும் பார்க்கலை மேடம். ஆரோக்கியம்னு இருபது தாள்லயும் நீங்கதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்க.”

ஹசீனா பேனாவை மூடி வைத்தார்.

“பதினேழை எடுத்துட்டா உங்க ஆய்வேடு அழகா இருக்கும். அந்த ஆளுக்குப் பல் போயிடும்.”

அவர் எழுந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றினார். பக்கத்து அறைக்குப் போய் நோயாளியின் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

“இருபது பேரையும் பார்ப்போம். முதல்ல நான்.”

“உங்களுக்கு எதுக்கு மேடம்?”

“நானும் நீல மூடிதான்.”

குளோரி தாளும் பேனாவுமாக வந்து நின்றார். “மேடம் வாயிலயே கை வைக்கிறீங்க. நீங்க பாஸாகிறது சந்தேகம்தான் சார்.”

பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் அளவுக்கம்பியை இறக்குகிறவர் மில்லிமீட்டரை உரக்கச் சொல்வார், இன்னொருவர் எழுதுவார். துறையின் வழக்கம் அது. மூன்று வரை பயமில்லை. தணிகாசலம் கம்பியை எடுத்தார்.

“ரெண்டு, மூணு, ரெண்டு. மூணு, ரெண்டு, மூணு.”

மேல் வரிசை முடிந்தது. கீழ் வரிசையில் பாதி முடிந்தது. வலது கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தில் கம்பி இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது.

தணிகாசலத்தின் குரல் நின்றது. கம்பியை எடுத்துவிட்டு மறுபடி இறக்கினார். கம்பியைச் சுற்றி இரத்தம் ஊறியது. விரலால் பல்லைத் தொட்டார். பல் லேசாக ஆடியது.

“சார், நம்பர்?” என்றார் குளோரி.

நாற்காலியின் கைப்பிடியில் ஹசீனா விரலால் இரண்டு முறை தட்டினார்.

“ஒன்பது,” என்றார் தணிகாசலம்.

குளோரியின் பேனா தாளில் படவில்லை.

ஹசீனா எழுந்து தொட்டியில் துப்பினார். சிவப்பாக விழுந்தது. தண்ணீர் அதை இழுத்துக்கொண்டு போகும்வரை பார்த்தார்.

“துலக்கும்போது வரும். ஆறு மாசமா. பிரஷ் முரடுன்னு நினைச்சேன்.”

இதையே சொல்லும் நோயாளிகளை அவர் தினமும் திட்டுவார். அது அங்கிருந்த மற்ற இருவருக்கும் தெரியும்.

யாரும் கேட்காமலே குளோரி உறையைக் கொண்டுவந்து கிழித்தார். பதினேழாம் வரியில் விரலை வைத்துத் தணிகாசலத்திடம் காட்டினார். இருவரும் பெயரை உரக்க வாசிக்கவில்லை. ஹசீனாவே தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தணிகாசலம் கையுறையைக் கழற்ற மறந்து நின்றார்.

“மேடம், பதினேழுக்கு என்ன எழுதட்டும்?”

“எச்சில் சொன்னதை எழுதுங்க. பக்கத்துலயே, ஆரோக்கியம்னு கையெழுத்துப் போட்டது யாருன்னும் எழுதுங்க.”

2024 மார்ச் 14, வியாழக்கிழமை, பேராசிரியை ஹசீனாவின் வலது கீழ்க் கடைவாய்ப் பல் எடுக்கப்பட்டது.