கல்மலைப் பூதர்கள்

வேள் சேந்தன் மூச்சு வாங்க மலையேறி வந்தபோது குரத்தி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உட்கார்" என்றார்.

சேந்தன் உட்காரவில்லை. குகை வாசலுக்கும் உள்ளே இருந்த கற்படுக்கைக்கும் இடையே நடந்தான். திரும்பினான். மறுபடி நடந்தான்.

பெண் குருவைக் குரத்தி என்பது அந்த நாட்டு வழக்கு. வேளைவிட அவருக்கு வயது குறைவு. மனைவி இறந்த ஆண்டில் ஆறுதல் தேடி ஏறி வந்த சேந்தன் அதன்பின் வருவதை நிறுத்தவில்லை. மனிதர்களில் அவனுடைய ரகசியம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அந்த ரகசியம் இது.

கருங்கோட்டு மன்னனுக்குச் சொந்தமாகக் கல்மலை என்றொரு மலை இருந்தது. கோட்டைக்கும் அணைக்கும் அங்கிருந்துதான் கல் போனது. உடைத்தவர்களும் சுமந்தவர்களும் பூதர்கள். மனிதனைப் போல ஒன்றரை மடங்கு உயரம். நனைந்த பாறையின் நிறம். ஆற்றுக்கு அப்பால் காட்டுமலைகளில் வாழ்ந்தவர்களை மன்னனின் பாட்டன் வலைபோட்டுப் பிடித்து வந்து கழுத்தில் இரும்பு வளையம் மாட்டினான். பூதர்களுக்கு வலிக்காது என்று நாட்டில் எல்லோரும் சொன்னார்கள். சொல்லச் சொல்ல அதுவே உண்மை போலாகிவிட்டது.

கல்மலைக்கு அதிகாரி சேந்தன். சாட்டை அவன் கையில், வளையங்களைப் பிணைக்கும் சங்கிலியின் சாவி அவன் இடுப்பில். சந்தையில் அவன் பெயரைச் சொன்னால் அழுத பிள்ளையும் வாய் மூடும். அதே சேந்தன்தான் அணைக்குக் கல் கொண்டுபோகும் படகில், பலகைக்கு அடியில் ஒரு பூதரைப் படுக்கவைத்து அக்கரை சேர்த்துவந்தான். பாறை சரிந்து செத்துவிட்டது என்று மன்னனுக்குச் சொல்லி அனுப்புவான். கங்காணிகளைக் கூப்பிட்டு, ஒழுங்காகக் கவனித்து வேலை வாங்கத் தெரியாதா என்று அவர்களையே திட்டுவான்.

"என்ன நடந்தது?" என்று குரத்தி கேட்டார்.

"மன்னனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கல்மலையில் மட்டும் ஏன் இத்தனை முறை பாறை சரிகிறது என்று யாரோ காதில் போட்டிருக்கிறான். பௌர்ணமியன்று அணை விழா. சபை முழுவதும் கல்மலைக்கு வருகிறது. எல்லாப் பூதர்களும் பார்க்க ஒருவரின் கண்ணில் சூட்டுக்கோல் வைக்க வேண்டுமாம். என் கையால்."

"யாருடைய கண்ணில்?"

"மூளி என்று ஒருத்தி. காது அறுபட்டவள், அதனால் கங்காணிகள் வைத்த பெயர். சுட்டுவிட்டால் மன்னனின் சந்தேகம் தீரும். படகு தொடர்ந்து போகும். சுடாவிட்டால் எல்லாம் முடிந்தது."

"சரி."

"ஒருத்தியின் கண்ணைக் கொடுத்து நூறு பேரை மீட்கலாமா, அடிகளே? அதைக் கேட்கத்தான் வந்தேன். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஓரிடத்தில் நிற்க முடியவில்லை."

குரத்தி காம்புகளை ஓரமாக ஒதுக்கிவைத்தார். எழுந்து வாசலுக்குப் போனார். அங்கே சேந்தன் கழற்றிவிட்ட செருப்புகள் இருந்தன. வெள்ளிப் பூவேலை செய்தவை. இரண்டையும் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பள்ளத்தில் வீசினார்.

"அடிகளே!"

"பதில் சொல்லிவிட்டேன்."

"இது என்ன பதில்?"

"வெயில் ஏறுவதற்குள் இறங்கு. பாறை சுடும்."

வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் தவிர வேறெங்கும் வெறுங்காலோடு நடந்து பழகாதவன் சேந்தன். பாதி வழி வரை குரத்தியை மனத்துக்குள் ஏசிக்கொண்டே இறங்கினான். அடுத்த பாதியில் ஏசவும் முடியவில்லை. நெருஞ்சி முள் குத்தியது. குதிகால் வெடித்து ரத்தம் வந்தது.

பாதை கல்மலையின் ஊடாகத்தான் போயிற்று. உடைத்துச் சமமாக்கிய பாறைத்தளத்தில் கால் வைத்தபோது முள்ளைப் பிடுங்குவதற்காக நின்றான். அப்போதுதான் அதை உணர்ந்தான்.

பாறை துடித்தது.

முதலில் தன் காயம்தான் துடிக்கிறது என்று நினைத்தான். மற்றக் காலை ஊன்றிப் பார்த்தான். அதிலும் துடிப்பு. ஒரு பலத்த அதிர்வு, பிறகு இரண்டு மெல்லிய அதிர்வு. சற்று நின்று, எங்கோ தொலைவிலிருந்து வேறொன்று. சுற்றிலும் பார்த்தான். பூதர்கள் கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். சம்மட்டி விழும் ஓசைக்கு நடுவே ஒவ்வொருவராகக் குதிகாலைத் தரையில் இடித்தார்கள். சம்மட்டிச் சத்தத்தில் காதுக்கு அது கேட்காது. பாதத்துக்குக் கேட்டது.

பக்கத்தில் மூளி ஒரு பாறைப் பிளவில் ஆப்பு இறக்கிக்கொண்டிருந்தாள். சேந்தன் கங்காணியைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பினான்.

"அது என்ன?"

"எது, ஆண்டே?"

"தரையில்."

மூளி அவன் பாதங்களைப் பார்த்தாள். ரத்தமும் மண்ணும் ஒட்டியிருந்த பாதங்களை வெகுநேரம் பார்த்தாள்.

"பேச்சு" என்றாள்.

"யார் பேசுவது?"

"இங்கே நாங்கள். அங்கே அவர்கள்."

"எங்கே?"

"அக்கரையில். ஆண்டை படகில் அனுப்பியவர்கள்."

சேந்தன் கங்காணி போன திசையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"யாரிடமும் வாய் திறக்காதே என்று ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கித்தானே அனுப்பினேன்?"

"வாய் திறக்கவில்லை, ஆண்டே."

அவன் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தான்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எல்லோருக்கும். மாளிகை மாடியில் ஆண்டை தூங்காமல் நடப்பதும் தெரியும்."

"அவர்கள் இந்நேரம் காட்டுமலைக்குப் போயிருக்க வேண்டுமே. அக்கரையில் ஏன் நிற்கிறார்கள்?"

மூளி சம்மட்டியை ஓங்கி ஆப்பில் இறக்கினாள். கல் விரிந்தது.

"முதலில் அனுப்பியது என் மகனை. வலுவானவன், எதையும் தாங்குவான் என்று பார்த்து எடுத்தீர்கள். நான் இங்கே இருக்கிறேன். அவன் அங்கே நிற்கிறான். அடுத்துப் போனவளுக்குக் கைக்குழந்தை. குழந்தை அழுதால் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதை விட்டுவிட்டு அவளை மட்டும் அனுப்பினீர்கள். அவளும் நிற்கிறாள். எங்களில் யாரும் தனியாக மலையேறியதில்லை, ஆண்டே."

"ஆபத்தில்லாமல் போகட்டும் என்றுதான் நான்..."

"தெரியும்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பான்.

"பௌர்ணமி விழாவில் உன் கண்ணை..." என்று தொடங்கினான்.

"கங்காணிகள் பேசிச் சிரித்தார்கள். கேட்டது."

"நீ என்ன சொல்கிறாய்?"

கேட்ட பிறகுதான், அந்தக் கேள்வியை இதுவரை அவளிடம் தவிர மற்ற எல்லாரிடமும் கேட்டிருக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. மன்னனின் மருத்துவனிடம்கூட, சுட்ட கண் ஆறுமா என்று யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டிருந்தான்.

மூளி சம்மட்டியைக் கீழே வைத்தாள். குதிகாலால் தரையை இடித்தாள். கல்மலை முழுவதும் சம்மட்டிகள் ஒரு கணம் நின்றன. அவன் பாதத்துக்கு அடியில் பாறை மழை பிடித்த ஓலைக்கூரை போல அதிர்ந்தது. பிறகு சம்மட்டிகள் மறுபடி விழத் தொடங்கின.

"என்ன சொன்னாய்?"

"சொல்லவில்லை. கேட்டேன்."

"யாரை?"

"எல்லோரையும். நீங்கள் என்னைக் கேட்டீர்கள். நான் அவர்களைக் கேட்க வேண்டாமா?"

கங்காணி தண்ணீர்க் குடத்தோடு தொலைவில் வருவது தெரிந்தது. மூளி சம்மட்டியை எடுத்துக்கொண்டு வேகமாகப் பேசினாள்.

"விழாவில் எங்கள் எல்லோரையும் ஒரே சங்கிலியில் கோத்து நிறுத்துவார்கள். பூட்டு ஒன்று. சாவி உங்களிடம். ஆறு கரை முட்ட ஓடுகிறது. படகு நிற்காது, குதிரை இறங்காது. எங்களுக்கு மார்பளவு. சூட்டுக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சாவியை என் கையில் கொடுங்கள். வேறெதுவும் செய்ய வேண்டாம்."

"மன்னன் முன்னாலா?"

"ஆமாம்."

"பட்டப்பகலில்?"

"ஆமாம்."

"அப்புறம் என் கதி?"

"எங்கள் கண்ணைப் பற்றி எங்களைக் கேட்டீர்கள், ஆண்டே. உங்கள் கழுத்தைப் பற்றி நாங்கள் எப்படிச் சொல்வது?"

விழாவுக்கு முந்திய நாள்களில் சேந்தன் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒரு காலையில் குரத்தியிடம் போகலாம் என்று புறப்பட்டுப் பாதி மலை ஏறித் திரும்பிவிட்டான். மெல்லச் சுட்டால் பார்வை கொஞ்சம் மிஞ்சுமா என்று யோசித்தான். குதிரையேறி வேற்றுநாட்டுக்கு ஓடிவிடலாமா என்று யோசித்தான். படகுகள் இன்னும் எத்தனையோ காலம் ஓடலாம், இவர்கள் அவசரப்படுகிறார்கள் என்று தனக்குத்தானே வாதாடினான். மாடியில் நடந்தால் கேட்டுவிடுவார்களே என்று கட்டிலில் விறைத்துப்போய்ப் படுத்தான். அது அதைவிடக் கேவலமாகத் தோன்ற, எழுந்து நடந்தான்.

விழா நாள் மேகமில்லாமல் விடிந்தது. முரசு முழங்கியது. பந்தலுக்குக் கீழே மன்னன் அமர்ந்திருந்தான். எதிரே பாறைத்தளத்தில், கழுத்து வளையங்களின் ஊடே ஒரே சங்கிலி ஓட, பூதர்கள் வரிசையாக நின்றார்கள். குழந்தைகளுக்கும் வளையம் இருந்தது.

சேந்தன் வெறுங்காலோடு வந்தான். ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று சபையில் சிலர் சிரித்தார்கள்.

மூளி மண்டியிட்டாள். காவலன் ஒருவன் உலையிலிருந்து சூட்டுக்கோலை எடுத்து நீட்டினான். நுனி செம்பருத்திப் பூப்போலச் சிவந்திருந்தது. சேந்தன் வாங்கினான். மூளியின் முகத்துக்கு நேரே கோலைக் கொண்டுபோனான். அதன் அனல் அவள் இமையைத் தொட்டது. அவள் கண்ணை மூடவில்லை.

"என்ன தாமதம், வேளே?" என்றான் மன்னன்.

அந்த ஒரு கணத்தில்கூட அவனுக்கு நிச்சயம் இல்லை. அப்படித்தான் பிற்பாடு சொன்னான். கோலைக் கீழே வைத்தது தன் கைதான் என்பது, வைத்த பிறகே தெரிந்ததாம்.

"என்ன செய்கிறாய்?" மன்னன் எழுந்தான்.

சேந்தன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தான். மூளியின் உள்ளங்கையில் வைத்தான்.

பூட்டு திறந்தது. வளையம் வளையமாகச் சங்கிலி உருவிக்கொண்டு ஓடிய ஓசை மதகு திறந்தது போலிருந்தது. அடுத்து அத்தனை குதிகால்களும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. பந்தல்கால் சாய்ந்தது. குதிரைகள் கட்டறுத்துக்கொண்டு ஓடின. ஈட்டி பிடித்தவர்களால் நிற்க முடியவில்லை. உட்கார்ந்து தரையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆற்றுக்கு அப்பாலிருந்தும் அதே இடி வந்தது.

பூதர்கள் ஓடவில்லை. நடந்தார்கள். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பலமில்லாதவர்களை நடுவில் விட்டு, ஆற்றில் இறங்கினார்கள். சுழித்து ஓடிய வெள்ளம் அவர்கள் மார்பில் மோதி இரண்டாகப் பிரிந்தது. அக்கரையில் மரங்களுக்கு இடையிலிருந்து சாம்பல் நிற உருவங்கள் நீர் விளிம்புக்கு ஓடி வந்தன. ஒருவன் தண்ணீரில் பாய்ந்து மூளியின் கையைப் பிடித்தான். பிறகு எல்லோரையும் காடு வாங்கிக்கொண்டது. காவலர்கள் எழுந்து கரைக்குப் போனபோது வெள்ளம்தான் மிச்சம் இருந்தது.

மன்னன் சேந்தனைக் கொல்லவில்லை. வேள் பட்டத்தைப் பறித்தான். பூதர் கழுத்திலிருந்த வளையம்போல ஒன்றைச் செய்யச் சொல்லிச் சங்கிலியோடு அவன் கழுத்தில் மாட்டினான். உயிர் உள்ளவரை கல்மலையில் கல் உடைக்க வேண்டும் என்றான். சில நாள் ஊர்மக்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அவனை வேடிக்கை பார்க்க வந்தார்கள். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

மழைக்காலம் முடிந்து குரத்தி மலையிலிருந்து இறங்கி வந்தார். துறவி என்பதால் கங்காணி வழிவிட்டான். பாதி உடைத்த கல்லொன்றின்மேல் உட்கார்ந்தார்.

சேந்தன் இளைத்திருந்தான். உள்ளங்கைகள் காய்த்துப்போயிருந்தன. அவர் அருகே அமர்ந்தவனால் ஒரு கணம்கூட அசையாமல் இருக்க முடியவில்லை. சங்கிலி சலசலத்துக்கொண்டே இருந்தது.

"தூக்கம் வருகிறதா?"

"அடித்துப்போட்டதுபோல வருகிறது. தூக்கத்துக்குக் குறையில்லை."

"பின்னே?"

"கேட்கவே வெட்கமாக இருக்கிறது, அடிகளே."

"கேள்."

"செய்ததற்கு வருந்தவில்லை. இந்த வளையமும் பழகிவிட்டது. ஆனால் ஒன்று மட்டும் முள்ளாகக் கிடந்து அரிக்கிறது. அன்று அந்த அதிர்வில் நான் ஆற்றுவழியில்தான் விழுந்து கிடந்தேன். என் பக்கமாகத்தான் அத்தனை பேரும் போனார்கள். மூளியும் போனாள். ஒருவர்கூடத் திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை. நன்றி வேண்டாம். ஒரு பார்வை பார்த்திருக்கலாம் அல்லவா?"

குரத்தி ஆற்றின் பக்கம் பார்த்தார்.

"சங்கிலியில் இருந்தபோது உன் முகத்தைப் பார்ப்பார்களா?"

"எப்போதும் பார்ப்பார்களே. நான் கல்மலைக்குள் நுழைந்தால் போதும், அத்தனை கண்ணும் என் முகத்தில்தான் இருக்கும். கோபமாக வருகிறேனா, சிரித்துக்கொண்டு வருகிறேனா, இன்றைக்குச் சாட்டை எந்தப் பக்கம் திரும்பும் என்று..."

பேச்சு அறுந்தது.

"இப்போது?" என்று கேட்டார் குரத்தி.

கங்காணி அதட்டும்வரை சேந்தன் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் சங்கிலி அசையவில்லை.