புதிதாக இடிந்த ஊர்

“இடிஞ்ச வீட்டுக்குள்ள போனா, மொதல்ல…”

அதற்குப் பிறகு பெரியப்பா ஏதோ ஒன்று சொல்வார். ஊரில் பாதி வீடுகளுக்குக் கடைக்கால் போட்டவர். கல்யாண வீட்டில் மைக்கைக் கொடுத்தால்கூட இதைச் சொல்லாமல் இறங்க மாட்டார்.

மிச்சம் என்ன என்பது மட்டும் உமாபதிக்கு மறந்துபோயிருந்தது. நாற்பத்தெட்டு வயது. அதில் இருபது வருஷம் கனடா. எங்கே உதிர்ந்ததோ.

அதனால் அகழாய்வுக் குழிக்குள் குந்தியிருந்த பெண்ணிடமே கேட்டார்.

“இடிஞ்ச வீட்டுக்குள்ள போனா முதல்ல எதைப் பார்க்கணும்மா?”

முத்திருளாயி தலையை நிமிர்த்தவில்லை. கையிலிருந்த சின்னக் கரண்டி மண்ணைச் சீவிக்கொண்டிருந்தது.

“பாம்பு கெடக்கான்னு பார்க்கணும்ண்ணே.”

குழியிலிருந்த மற்ற பெண்கள் சிரித்தார்கள். உமாபதியும் சிரித்துவைத்தார்.

நாவல்மேட்டில் அகழாய்வு தொடங்கிப் பதினோரு வருஷம். முத்திருளாயிக்கும் குழியில் பதினோரு வருஷம். இப்போது வயது முப்பத்தாறு. கரண்டி தட்டும் சத்தத்தை வைத்தே, கீழே இருப்பது தரையா வெறும் மண்ணா என்று சொல்லிவிடுவார்.

“உங்களுக்கு என்ன வேலைண்ணே?”

“இடிபாடு செய்யறது.”

“ஜேசிபி வச்சிருக்கீகளா?”

“இல்லம்மா, வீடியோ கேம். பழங்காலத்து ஊர் ஒண்ணு மண்ணுக்குள்ள கிடக்கு. வெண்ணின்னு ஒரு பொண்ணு, கயிறும் கொக்கியுமா அதுக்குள்ள இறங்குறா. தாவுறா, ஏறுறா, பொறியில சிக்காம தப்பிக்கிறா. ‘ஏழாம் வாசல்’னு பேர்.”

“கேக்க நல்லாத்தானே இருக்கு. பெறகென்ன கொறை?”

“யாரும் நின்னு பார்க்க மாட்டேங்கிறாங்க.”

சொல்லும்போதே உமாபதியின் குரல் இறங்கிவிட்டது.

“ஒரு அரண்மனை. அதுக்கு மட்டும் ரெண்டு வருஷம் உழைச்சிருக்கோம். விளையாடிப் பார்க்கச் சொன்னா, பதினோரே நிமிஷத்துல ஓடிக் கடந்துட்டு, ‘அடுத்து?’ன்னு கேட்கிறாங்க.”

இருபதாம் தேதி பெங்களூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். இந்த விளையாட்டை வெளியிடுவதா, வேண்டாமா என்று முடிவு செய்ய. அவர்களும் அப்படியே ஓடிக் கடந்துவிட்டால், மதுரையில் ஒரு மாடியில் எட்டுப் பேரோடு நாலு வருஷமாக நடக்கிற கம்பெனியை மூட வேண்டியதுதான்.

நடுவில் ஒன்பது நாள்.

“நின்னு பார்க்க வைக்க என்ன செய்யணும்? உங்க அதிகாரிகிட்டே கேட்டேன். ‘நாங்களே இருளாயியைத்தான் கேட்போம், நீங்களும் அங்கேயே போங்க’ன்னுட்டார்.”

இப்போதுதான் முத்திருளாயி நிமிர்ந்து பார்த்தார். ஆளை இல்லை, காலை.

“செருப்பைக் கழட்டிட்டு எறங்குங்க.”

இறங்கினார்.

குழியின் நடுவே இரண்டு வரிசைச் செங்கல். இடையில் ஒரு சாண் அகலத்துக்குச் செங்கல் பாவிய தரை.

“இது என்னண்ணே?”

“சுவர்.”

முத்திருளாயி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே நாவல்பழம். ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். இன்னொன்றைத் துடைத்து, அந்த இரண்டு வரிசைக்கும் நடுவில் வைத்தார்.

பழம் சும்மா இருந்தது.

பிறகு, யாரோ கூப்பிட்ட மாதிரி, மெல்ல உருண்டது. ஒரு செங்கல். இரண்டு செங்கல். வளைவில் தயங்கியது. திரும்பியது. குழியின் ஓரத்துக்குப் போய், இன்னும் தோண்டாத மண்ணில் முட்டி நின்றது.

“இதுக்குள்ள என்ன இருக்கு?” உமாபதி அந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

“யாருக்குத் தெரியும்? போன வெள்ளிக்கெழமையிலேர்ந்து நாங்களும் அதைத்தான் பேசிக்கிட்டிருக்கோம். இந்த வாய்க்கால்ல ஓடுனது அடுப்படித் தண்ணியா இருந்தா தெருவுக்குப் போகும். சாயத் தண்ணியா இருந்தா ஊருக்கு வெளிய போகும்.”

“அப்போ தோண்டிட வேண்டியதுதானே?”

“அந்தக் குழிக்கு இன்னும் உத்தரவு வரல.”

சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

உமாபதி பழத்தை எடுத்து மறுபடி விட்டார். மறுபடியும். தண்ணீர் எங்கிருந்து வந்திருக்கும் என்று எதிர்ப்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். கால் மரத்துப்போய்க் கடிகாரத்தைப் பார்த்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

கிடைத்துவிட்டது என்று தோன்றியது. துள்ளிக்கொண்டு மதுரைக்குப் போனார்.

நாலாம் நாள் திரும்பி வந்தார். துள்ளல் இல்லை.

“என்னண்ணே, மொகம் வாடிக் கெடக்கு?”

“நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன். இன்னும் மோசமாயிடுச்சு.”

“நான் என்ன சொன்னேன்?”

“பழம்.”

“பழமா?”

“அரண்மனை பூரா பன்னிரண்டு நாவல்பழம் வச்சேன். உருண்டு ஓடும். பன்னிரண்டையும் பொறுக்கினா வெண்ணிக்குப் புதுக் கொக்கி கிடைக்கும். எல்லாரும் பழத்தைப் பொறுக்கிக்கிட்டே ஓடுறாங்க. இப்போ ஒன்பதே நிமிஷம்!”

முத்திருளாயி அவரைப் பார்த்தார். அப்புறம் குழியின் சுவரைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்து, கையெல்லாம் மண்ணாக இருந்ததால் துடைக்கவும் முடியாமல் சிரித்தார்.

“அக்கா, இங்க வாங்களேன். இந்த அண்ணன் பழத்தைப் போயி வச்சிருக்காரு!”

மண்சட்டியோடு போய்க்கொண்டிருந்த ராக்கம்மாள், விஷயம் புரியாமலே கூடச் சிரித்தார்.

“சரி, அழுவாதீக. டீக்கு விடுறப்ப அந்தப் பொட்டியைக் கொண்டாங்க. பார்ப்போம்.”

டீ நேரம். தகரக் கொட்டகை. பெஞ்சின் மேல் லேப்டாப். முத்திருளாயி கையைக் கழுவிவிட்டுக் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டார். ஐந்தாறு பெண்கள் டம்ளரோடு பின்னால் நின்றார்கள்.

திரையில் வெண்ணி கயிற்றில் சரசரவென்று இறங்கி, அரண்மனை வாசலில் நின்றாள். ஒரு மஞ்சள் அம்புக்குறி மினுக்கியது.

“முன்னே செல், வெண்ணி! முன்னே செல்!” என்றது ஒரு குரல்.

“யாரு இந்தாளு? நம்ம கங்காணி மாதிரியே கத்துறான்?”

“வழிகாட்டிம்மா.”

“வாயை அடைங்க.”

உமாபதி சத்தத்தை நிறுத்தினார். அம்புக்குறியையும் அணைக்கச் சொன்னார்கள். அணைத்தார்.

முத்திருளாயி ஓடவில்லை. வெண்ணியை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார், மாமியார் வீட்டுக்கு முதல்முறை வந்த மருமகளைப் போல.

“இந்த ஊரு மண்ணுக்குள்ள போயி எத்தனை வருசமாச்சு?”

“ரெண்டாயிரம்.”

“சொவத்துல தீவட்டி எரியுதே, யாரு எண்ணெய் ஊத்துறா?”

உமாபதி திரையில் தீவட்டிகளை எண்ணிப் பார்த்தார்.

தரையிலிருந்து ஈட்டிகள் சர்ரென்று கிளம்பின. வெண்ணி நூலிழையில் தப்பினாள்.

“ரெண்டாயிரம் வருசமா ரிப்பேரே ஆகலையா இது?” என்றார் ராக்கம்மாள். “எங்க வீட்டு மோட்டாரு நாலே மாசத்துல நின்னுபோச்சு.”

அடுத்து படிக்கட்டு. வெண்ணி ஒவ்வொரு படிக்கும் தாவி, விளிம்பைப் பிடித்துத் தொங்கி ஏறினாள்.

“அண்ணே, இந்த அரமனையில புள்ளத்தாச்சி யாரும் இல்லையா?”

“எதுக்கும்மா?”

“எப்படி ஏறுவா?”

பின்னால் யாருக்கோ டீ புரையேறியது.

அதற்கு மேல் ஒரு கல் கதவு. மூன்று சிங்கச் சிலைகளைச் சரியான திசைக்குத் திருப்பினால்தான் திறக்கும். உமாபதிக்குப் பெருமையான இடம் இது. இந்தச் சிங்கங்களுக்காக ஒரு மாசம் தூங்காமல் கிடந்திருக்கிறார்.

“கதவுக்கு அந்தப் பக்கம் என்ன?”

“ராஜா சாப்பிடுற கூடம்.”

“தெனம் மூணு வேளையும் சிங்கத்தைத் திருப்பிட்டுத்தான் சோத்துக்குப் போவாரா?”

“இது… ரகசியக் கதவும்மா.”

“எந்தச் சிங்கம்னு மறந்துட்டா பட்டினிதான்,” என்றார் ராக்கம்மாள். “எங்க வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு கதவு போட்டுக் குடுங்களேன்.”

கொட்டகையே அதிர்ந்தது. உமாபதிக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் இருபதாம் தேதி நினைவுக்கு வந்தது. இன்னும் ஐந்து நாள்.

முத்திருளாயி கதவைத் திறக்க மெனக்கெடவில்லை. வெண்ணியைத் திருப்பி, யாருமே போகாத ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார். அங்கே சின்னதாக ஓர் அறை. அதில் எதுவும் இல்லை.

“இங்க யாரு படுத்தா?”

“யாரும் இல்லம்மா. அது சும்மா. இடத்தை நிரப்ப ஓர் அறை.”

“சும்மா எவனாச்சும் அறை கட்டுவானா?”



அறை வாசலில் உடைந்த தூண் ஒன்று. முத்திருளாயி வெண்ணியை அதன் பக்கத்தில் நிறுத்தினார். திரும்பி அடுத்த தூணைப் பார்த்தார்.

“இதுக ரெண்டும் இரட்டைப் புள்ளைகளா? ஒரே எடத்துல ஒடைஞ்சிருக்கு, ஒரே மாதிரி.”

“அது… ஒண்ணைச் செஞ்சு நகல் எடுத்துக்கிறது வழக்கம்.”

“இருக்கட்டும். இது ஒடையறதுக்கு முந்தி எப்படி இருந்துச்சு? அதைக் காட்டுங்க.”

“அதுக்கென்ன, காட்டுறேன்.”

உமாபதி கன்ட்ரோலரை வாங்கி வைத்துவிட்டு, கோப்புகள் இருக்கும் இடத்தைத் திறந்தார். உடைந்த தூண் 1. உடைந்த தூண் 2. கீழே கீழே போனார். பாசி பிடித்த உடைந்த தூண். வேர் படர்ந்த உடைந்த தூண். உடைந்த தூண் 46.

மறுபடி மேலே வந்தார். மறுபடி கீழே போனார்.

“இங்கதான் இருக்கணும். ஒரு நிமிஷம்.”

போனை எடுத்து ஆபீசுக்குப் போட்டார். தூண்களைச் செய்தவன் பிரிட்டோ. எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

“பிரிட்டோ, அரண்மனைத் தூண் முழுசா இருக்கிறது எங்க வச்சிருக்கே?”

“முழுசாவா சார்?”

“ஆமா. உடையாதது.”



“உடையாதது எதுக்கு சார்? நம்ம கேம்லதான் எல்லாமே இடிஞ்சு கிடக்கே.”

“சரி, வீடு? ஏதாவது ஒரு வீடு முழுசா?”

“சார், உங்களுக்கு உடம்பு சரியில்லையா?”

ராக்கம்மாள் கன்னத்தில் கை வைத்தார். “ஆத்தாடி! பெக்கறப்பவே கெழவியாப் பெத்திருக்காகளே!”

பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். போனுக்குள் பிரிட்டோ “சார்? சார்?” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

உமாபதி சிரிக்கவில்லை. திரையையே பார்த்தார்.

கனடாவில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவருக்குக் கொடுத்தது ஓர் உடைந்த கோபுரம். அடுத்தது பாதி சரிந்த பாலம். அதற்கடுத்து காடு மூடிய கோயில். நன்றாக உடைப்பார் என்று பெயர் வாங்கியவர். இருபத்துநாலு வருஷத்தில் எத்தனை ஊர்! எந்த ஊரிலும் ஒரு வீட்டுக்குக் கூரை போட்டதாக நினைவில்லை.

அப்புறம் அவருக்கும் சிரிப்பு வந்தது. லேசாகத்தான் தொடங்கியது. போகப்போகக் குலுங்கிவிட்டது. பெண்கள் நிறுத்திய பிறகும் அவர் நிறுத்தவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

“அண்ணனுக்கு டீயில சீனி கூடிப்போச்சு,” என்றார் ராக்கம்மாள்.

விசில் ஊதினார்கள். டம்ளர்கள் கவிழ்ந்தன. முத்திருளாயி முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார்.

“இருளாயிம்மா, ஒரு நிமிஷம். இருபதாம் தேதி அவங்க வர்றாங்களே, நான் என்ன செய்யட்டும்?”

“அந்தத் தூணு,” என்றார் முத்திருளாயி, நடந்துகொண்டே, “கல்லா, மரமா?”

“தெரியலை.”

அவர் குழிக்குள் இறங்கிவிட்டார். கரண்டி மண்ணைச் சீவும் சத்தம் மட்டும் வந்தது.

உமாபதி கொட்டகையிலேயே உட்கார்ந்து பெங்களூருக்கு எழுதினார்: இருபதாம் தேதி வர வேண்டாம், இன்னும் ஒரு வருஷம் ஆகும், நாங்கள் முதலில் ஊரைக் கட்டப்போகிறோம்.