மய்யித்து வீட்டுக்கு ஒரு சஹன்

"எவனோ வெச்ச குண்டுக்கு நான் எதுக்கு ஆலிமா பதில் சொல்லணும்?"

செருப்பைக் கழற்றும் முன்பே செய்னம்பு கேட்டுவிட்டாள். சலாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மாலை அஸர் தொழுகை முடிந்து பெண்கள் தைக்கா காலியாகியிருந்தது. அங்கே பெண்களுக்கு மார்க்கம் சொல்லித்தரும் ஆலிமா முனவ்வரா பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வயது. மூன்றாம் வகுப்பில் செய்னம்பு டீச்சரிடம் வாய்ப்பாடு ஒப்பித்தவள். டீச்சர் ரிட்டயரானதும் கதை தலைகீழாகிவிட்டது. ஊரில் யாராவது கேலி செய்தால் செய்னம்பு சொல்வாள்: "வாய்ப்பாடு எங்கிட்ட படிச்சா. மத்ததை நான் அவகிட்ட படிக்கிறேன். உனக்கென்ன?"

"எத்தனை பேர் கேட்டாங்க டீச்சர்?"

"பேங்க்ல ஒருத்தன். பஸ்ல ஒருத்தி. நேத்து சரஸ்வதி டீச்சர் போன் போட்டு, 'உங்க ஆளுங்க ஏன் இப்படிப் பண்றாங்க'ங்கிறா. முப்பது வருஷம் என் டிபன் டப்பாவுல கை வெச்சவ. நான் என்ன, குண்டு வைக்கிறவனுக்கெல்லாம் ஹெட்மிஸ்ட்ரஸா?"

ஆலிமாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

சிரிக்கிற விஷயமில்லைதான். எங்கோ ஒரு வெளிநாட்டு ரயில் நிலையத்தில் குண்டு வெடித்து மூன்று நாள். பதினான்கு பேர் போய்விட்டார்கள். வைத்தவன் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி வைத்தானாம். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். கடலோரத்தில் மீன் வாங்கப் போகிற செய்னம்பு வரைக்கும் அந்தப் பழி வந்து சேர்ந்துவிட்டது.

"ஹேசல் என்ன கேட்டா?" என்றாள் ஆலிமா.

செய்னம்பு பாயின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்ட உதவினாள்.

ஹேசல் அமெரிக்காக்காரி. அரபு எழுத்தில் தமிழை எழுதிய பழைய அரபுத்தமிழ் ஏடுகளைப் படிக்க வந்தவள். அதே தெருவில் எட்டு மாதமாக வாடகைக்கு இருக்கிறாள். தெருவின் வாயில் அந்தப் பெயர் நுழையாமல் ஹசீலா ஆகிவிட்டது. எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது செய்னம்புதான். அந்தப் பதினான்கு பேரில் ஒருவன் ஹேசலின் தம்பி.

"அவ ஒண்ணும் கேக்கல."

"நீங்க போனீங்களா?"

"போகல."

"வேற யாரும்?"

"தெருவுல ஒரு ஈ காக்கா கூட போகல. எப்படிப் போறது? போய் என்னன்னு சொல்றது? மன்னிப்புன்னு கேட்டா, நாமதான் வெச்சோம்னு ஆயிரும். கேக்காம நின்னா, பாரு, நெஞ்சழுத்தக்காரின்னு ஆயிரும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?"

"அதனால?"

"அதனால வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டோம்."

ஆலிமா ஒரு பாயை மூலையில் சாத்தினாள். அடுத்ததை எடுத்தாள்.

செய்னம்புக்கு இன்னும் ஆறவில்லை. "நான் ஒண்ணு கேக்கிறேன். அவ நாட்டுக்காரன் கல்யாண வீட்டு மேல குண்டு போட்டான். பள்ளிக்கூடத்து மேல போட்டான். தப்பா விழுந்துட்டுன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டான். யாராவது வந்து, பிள்ளையைப் பறிகொடுத்த அந்த உம்மாமாரோட உக்காந்து அழுதானா? அந்தப் படத்தையெல்லாம் பார்த்து எத்தனை நாள் எனக்குச் சோறு இறங்கல, தெரியுமா?"

"தெரியும்."

"அதுவும் இதுவும் ஒண்ணுதான், கோபப்படாதேன்னு சொல்லப் போறீங்க."

"சொல்லல. கோபப்பட வேண்டியதுதான். நானும் படுறேன்."

செய்னம்பு ஏமாந்து போனாள். சண்டைக்குக் கையை மடக்கிக்கொண்டு வந்தவளுக்கு எதிரி கிடைக்கவில்லை.

"அப்ப நான் செஞ்சது சரிதானே?"

ஆலிமா கடைசிப் பாயையும் மூலையில் சாத்தினாள். உள் அறைக்குப் போனாள். பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. ஒரு சஹனோடு வந்தாள். விருந்து, மவுத்து, நல்லது கெட்டது எதுவானாலும் அந்த ஊரில் நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் பெரிய தட்டு அது. முந்தானையால் தூசி துடைத்து, செய்னம்புவின் கையில் வைத்தாள்.

"இது எதுக்கு?"

"இன்னைக்குப் பொழுது சாய, மஃரிபோட மூணு நாள் முடியுது, டீச்சர்."

அவள் திரும்பி, விளக்குமாற்றை எடுத்துக்கொண்டாள்.

சாவு விழுந்த மய்யித்து வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியக் கூடாது. தெரு சமைத்துக் கொண்டுபோகும். செய்னம்பு பிறந்த நாளிலிருந்து அங்கே அப்படித்தான். அவளோடு பதினோரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரர் மவுத்தானபோதுகூட, முதல் சோறு அவள் வீட்டிலிருந்துதான் போனது. அதை யாரும் அவளுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து உலை வைத்தாள். பருப்பு ஆணமும் கத்தரிக்காயும். கை வேலை செய்தது, வாய் ஒத்திகை பார்த்தது.

"ஹேசல், நாங்க அப்படிப்பட்டவங்க இல்ல. எங்க மார்க்கத்துல ஒரு உயிரை அநியாயமா எடுத்தா..."

சரிப்படவில்லை. மேடைப் பேச்சு மாதிரி இருந்தது.

"ஹேசல், உனக்கு நடந்தது கொடுமை. ஆனா உங்க நாடு செஞ்சதையும்..."

இது அதைவிட மோசம். மய்யித்து வீட்டுக்குள் கணக்குத் தீர்க்கப் போகிறவளா அவள்? இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்ததில் ஆணம் பொங்கி அடுப்பில் வழிந்தது.

சஹனில் சோற்றைக் கொட்டி, ஆணத்தையும் கத்தரிக்காயையும் கிண்ணங்களில் எடுத்து நடுவில் வைத்து, துணியால் மூடி, புர்காவைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருவர் கேட்டார். "எங்க டீச்சர், அமெரிக்காவுக்கா?"

"ஆமா. விசா எடுத்துத் தரியா?" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள்.

கதவு ஒரே தட்டில் திறந்துகொண்டது. ஹேசல் பக்கத்திலேயே நின்றிருந்தவள் மாதிரி இருந்தாள். முகம் ஒட்டிப்போயிருந்தது. கண் சஹனைப் பார்த்தது, பிறகு செய்னம்புவைப் பார்த்தது.

"வாங்க மாமி."

"ஊருக்குப் போகலியாம்மா?"

"உடம்பை இன்னும் குடுக்கல. போலீஸ் வெச்சிருக்காங்க. குடுத்ததும் போகணும்."

செய்னம்பு நேரே அடுப்படிக்குப் போனாள். எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் வழக்கம் அதுதான். அடுப்பு துடைத்துக் கிடந்தது. பாத்திரமெல்லாம் கவிழ்த்திருந்தது. மேடையில் ஒரு தண்ணீர்ப் பாட்டிலும் பாதி தீர்ந்த பேரீச்சம்பழப் பொட்டலமும் இருந்தன.

"என்னம்மா சமைச்சே, இந்த மூணு நாளா?"

"சமைக்கல."

"ஏன்?"

ஹேசல் புரியாமல் பார்த்தாள். "அடுப்பு பத்த வைக்கக் கூடாதே மாமி. நீங்கதானே சொன்னீங்க. தெருவுல இருந்து வரும்னு."

செய்னம்பு ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கே போயிற்றோ. வெட்கம் வந்தது. அறுபத்தொரு வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

"பயந்துட்டோம்மா," என்றாள் கடைசியில். "நீ எங்களை என்ன நினைப்பியோன்னு."

"நானும்," என்றாள் ஹேசல். "நான் யாரு, எந்த நாடுன்னு இப்பத்தான் உங்களுக்கு ஞாபகம் வந்துட்டுன்னு நினைச்சேன்."

தரையில் பேப்பரை விரித்து செய்னம்பு சஹனை இறக்கினாள். சோற்றில் குழி பறித்து ஆணத்தை ஊற்றினாள். கத்தரிக்காயை அள்ளப் போன கரண்டியை ஹேசல் பிடித்தாள்.

"மாமி, ஒண்ணு சொல்லிடுறேன். தெரிஞ்சுக்கிட்டு வையுங்க. அப்புறம் தெரிஞ்சா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்."

"என்ன?"

"வெஸ்லி, என் தம்பி, பட்டாளத்துல இருந்தவன். ஈராக்குக்கு ரெண்டு தடவை போனான். அப்புறம் விட்டுட்டு ஸ்கூல் பஸ் ஓட்டினான். அங்க என்ன செஞ்சான்னு அவன் சொன்னதில்ல. நான் கேட்டதும் இல்ல."

கரண்டி அப்படியே நின்றது.

செய்னம்பு எத்தனையோ வருஷமாகப் பத்திரிகையை விரித்து, அந்தப் படங்களைப் பார்த்து, யாரடா நீ என்று கேட்டிருக்கிறாள். பேர் தெரியாத, முகம் தெரியாத ஒருத்தனைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். இப்போது ஒரு பேர் கிடைத்துவிட்டது. அவனாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவன் அக்காள் பசித்த முகத்தோடு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

கோபம் போகவில்லை. நெஞ்சில் அது நின்ற இடத்திலேயே நின்றது. போய்விட்டது என்று சொன்னால் அது பொய்.

பள்ளிவாசலில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள். மஃரிபு பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான்.

"நீங்க எடுத்துட்டுப் போனாலும் தப்பா நினைக்க மாட்டேன்," என்றாள் ஹேசல்.

செய்னம்பு கரண்டியை அவள் கையிலிருந்து விடுவித்தாள். கத்தரிக்காயை அள்ளி அவள் பக்கம் நிறைய வைத்தாள்.

"உங்கிட்ட கேக்க வேண்டியது இருக்கு. நிறைய இருக்கு. கேப்பேன், விட மாட்டேன்," என்றாள். "இந்த வீட்டுல அடுப்பு எரியட்டும். அப்புறம் கேக்கிறேன்."

ஹேசல் அசையாமல் இருந்தாள்.

"கையைக் கழுவிட்டு வா. சஹன்ல ஒத்தையா சாப்பிடக் கூடாது," என்று சொல்லி, செய்னம்பு சம்மணம் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.